வாய் மோந்து பார்த்த பி.எஸ்சி.

"ஊது."

ஊதினான்.

"இன்னொரு தரம். அடிவயித்துல இருந்து ஊதுப்பா."

ஊதினான். என் கண்ணாடியில் லேசாகப் பனி படர்ந்தது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், மைசூர் ராஜ்யத்து எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு முன்னால் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் நான். மத்தியானம் மூன்று மணி வெயிலில் பெங்களூரிலிருந்து வந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இறக்கிவிடப்பட்ட பையன் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தபடி நின்றான்.

போன அத்தியாயத்தில், வாடகை அங்கியும் வாடகைத் தொப்பியுமாகப் பட்டம் வாங்கிய கோலத்தில் என்னை நிறுத்தி வைத்திருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "இவ்வளவு படித்துவிட்டு என்ன உத்தியோகத்துக்குப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

இதுதான் ஐயா அந்த உத்தியோகம்.

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஐம்பதுகளில் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். அங்கே தடை இல்லை. ஆகவே இந்தப் பக்கத்து ஆட்கள் பொழுதோடு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு நடந்து போய், குடித்துவிட்டு, நடந்தும் நடக்காமலும் திரும்பி வருவார்கள்.

புட்டியில் கொண்டு வந்தால் கண்ணால் பிடிக்கலாம். வயிற்றில் கொண்டு வந்தால் மூக்கால்தான் பிடிக்க வேண்டும். மோந்து பார்த்து, அச்சடித்த ஒரு தாளில் கேள்விகளுக்குப் பதில் எழுதி, கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. ரசாயனம் படித்தவனாக இருந்தால் சிலாக்கியம் என்றார்கள். ரசாயனம் படித்தவன் நான் அகப்பட்டேன்.

வேலை தற்காலிகம். என் மூக்கின் வேலையோ அதற்கு முன்பே நிரந்தரமாக முடிந்துபோயிருந்தது.

உப்பு கண்டுபிடிக்கிற படிப்பு

எங்கள் பர்கூர்த் தெருவில் முதல் முதலாகக் காலேஜுக்குப் போனவன் நான். இண்டர்மீடியட் இரண்டு வருஷம், பி.எஸ்சி. இரண்டு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்தால் புளி வியாபாரம் செய்துகொண்டிருந்த என் தாய்மாமன் விசாரணை வைப்பார்.

"ஏன்டா மாப்ளே, அங்க என்னாதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

"உப்பு குடுப்பாங்க மாமா. அது என்ன உப்புன்னு நாங்க கண்டுபுடிக்கணும்."

"நக்கிப் பாத்தாத் தெரியாதா?"

"நக்கினாச் செத்துருவோம் மாமா."

"அப்புறம் எதுக்குடா அந்த உப்பு?"

நான்கு வருஷப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் இத்தனை கடினமான கேள்வி கேட்டதில்லை.

உப்பைக் கண்டுபிடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்டுபிடித்ததை எழுதுவதுதான் ஆளைக் கொன்றது. காலையில் நான்கு வகுப்பு. மத்தியானம் முழுக்க லேப். லேபில் செய்ததை முதலில் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். பிறகு ரெகார்டு நோட்டில், இடது பக்கம் பென்சில் படம், வலது பக்கம் மசியில் விளக்கம். மசி ஒரு பொட்டு சிந்தினாலும், கையெழுத்துப் போடுகிறவர் சிவப்பு மையால் குறுக்குக் கோடு கிழித்து "மறுபடியும்" என்பார். அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தானா என்று அவர் மனைவியிடம் கேட்க ஆசைப்பட்டோம். தைரியம் வரவில்லை.

கடைசி வருஷத்தில் தூக்கம் என்பது மற்றவர்கள் செய்கிற காரியமாகிவிட்டது. என் அறைத் தோழன் ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, மோரை ஊற்றிக்கொள்வதற்கு முன்னால், "இதுக்கு லிட்மஸ் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான். நானும் யோசித்தேன்.

கந்தக அமிலத்தை ஆலையில் எப்படித் தயாரிப்பது என்று முழுதாக ஒப்பிப்பேன். எந்தக் குழாய்க்குப் பிறகு எந்தக் கோபுரம், எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எல்லாம் தலைகீழ்ப் பாடம். கிருஷ்ணகிரி தொடங்கி ஓசூர் வரையில் கந்தக அமிலம் வேண்டும் என்று கேட்ட மனிதர் ஒருவரையும் நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. ராகி வேண்டும் என்றார்கள், அவரைக்காய் வேண்டும் என்றார்கள், ஒட்டு மாங்கன்று வேண்டும் என்றார்கள். இவை எதுவும் என் பாடத்தில் இல்லை.

மூக்கு போன விதம்

உப்பைப் பிரித்தறிய ஒரு வாயு தேவை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதை உண்டாக்குகிற கண்ணாடிக் கூஜா ஒன்று லேபின் மூலையில் இருந்தது. எனக்கு இடம் கிடைத்தது அந்தக் கூஜாவுக்குப் பக்கத்தில். ஜன்னல் இருந்தது. ஆனால் அது எந்தக் காலத்திலோ வர்ணம் பூசும்போது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதல் மாதம் வாந்தி வந்தது. இரண்டாம் மாதம் தலைவலி. மூன்றாம் மாதம் எனக்குப் பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஹாஸ்டலில் சாம்பார் தீய்ந்துபோனது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். நான் மட்டும் இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டேன். சமையல்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க ஒருத்தர்தான் தம்பி மனுசன்" என்றார்.

பழகவில்லை, போயே போய்விட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மல்லிகைப்பூ, பெட்ரோல், மாட்டுச் சாணம் எல்லாம் ஒன்றுதான். மூன்றாம் வகுப்பில் தேறினேன்.

சோதனைச் சாவடி வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது கண்ணைச் சோதித்தார்கள், மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று விட்டுவிட்டேன்.

காதும் மீசையும்

என்னைக் காப்பாற்றியவர் ஏட்டு முனிவெங்கடப்பா. தமிழில் அதட்டுவார், தெலுங்கில் கெஞ்சுவார், கன்னடத்தில் திட்டுவார். பஸ் தூரத்தில் வரும்போதே, "மூணு பேரு இருக்கறானுங்கோ சார்" என்பார். அது பாதி விளையாட்டுத்தான். ஆனால் ஆள் எதிரே நின்றால் எந்தக் கடைச் சரக்கு என்று வரைக்கும் சொல்லக்கூடிய மூக்கு அவருக்கு. சட்டமோ, தாளில் கையெழுத்துப் போடுகிறவன் மோந்து பார்க்க வேண்டும் என்றது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே என் விஷயத்தை அவர் கண்டுகொண்டார். மறுநாள் முதல் அவராகவே ஒரு வழக்கம் வைத்தார். நான் மோந்து பார்க்கும்போது எனக்கு எதிரே வந்து நிற்பார். வாடை இருந்தால் காதைச் சொறிவார். இல்லையென்றால் மீசையைத் தடவுவார். நான் யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன்.

ஒரே ஒருமுறை அவர் காதில் எறும்பு புகுந்துவிட்டது. சூளகிரிப் பக்கத்துப் புரோகிதர் ஒருவர் மயிரிழையில் தப்பினார்.

அந்த மத்தியானம் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறக்கிய பையன் என் முகத்தில் ஊதியபோது, முனிவெங்கடப்பா ஒரு காதைச் சொறியவில்லை. இரண்டு காதையும் சொறிந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

பையனுக்கு இருபது வயது இருக்கும். பேர் திம்மராயன். கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆற்றோரத்துக் கிராமம். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு லேப் பரீட்சை. ரெகார்டு நோட்டை லீவில் வீட்டுக்குக் கொண்டு போனவன் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். ரெகார்டு இல்லாமல் பரீட்சைக்குள் விட மாட்டார்கள். ஓடிப் போய் எடுத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நடுவிலே மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"குடிக்கல சார். லேப்ல ஸ்பிரிட் லேம்ப் கவுந்துருச்சு சார். சட்டையெல்லாம் ஊத்திக்கிச்சு. மாத்தறதுக்கு நேரம் இல்லாம அப்பிடியே பஸ் ஏறிட்டேன்."

முனிவெங்கடப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தெனம் ஒரு பேரு சொல்றானுங்கோ சார். போன வாரம் ஒருத்தன் கண்ணு மருந்துன்னான். இவன் லேம்ப்புங்கறான். வெளக்கக்கூட உட மாட்டேங்கறானுங்கோ."

பஸ் ஜன்னலிலிருந்து பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தம் போட்டார். "சீக்கிரம் முடிங்க சார். ஊட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

நான் தாளை எடுத்தேன். கண் சிவந்திருக்கிறதா? சிவந்திருந்தது. நடை தள்ளாடுகிறதா? வண்டிச் சக்கரத் தடம் ஒன்றைக் காட்டி அதன் மேல் நடக்கச் சொன்னேன். மூன்று அடி நடந்தான். பிறகு எதற்காக நடக்கிறோம் என்பது மறந்துபோய் நின்றுவிட்டான். பேச்சு குழறுகிறதா? குழறியது. உடை ஒழுங்கு தவறியிருக்கிறதா? பொத்தான் ஒன்று தவறி மாட்டியிருந்தான். நாள், இடம் பற்றிய நினைவு உண்டா?

"இன்னிக்கு என்ன கிழமை?"

யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"ஆர்கானிக், சார்."

"என்னது?"

"நேத்து இனார்கானிக். இன்னிக்கு ஆர்கானிக். நாளைக்கு பிராக்டிகல்."

பஸ்ஸே சிரித்தது. பலாப்பழக்காரர், "நாளன்னிக்கு அமாவாசைங்களா தம்பி?" என்றார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் "ஆம்". குடித்தவனுக்காகத் தயாரித்த தாள் அது. ஆனால் கடைசி வருஷத்தில் யாராவது என்னை இந்த மூங்கிலடியில் நிறுத்தியிருந்தால் எனக்கும் இதே பதில்கள்தான் வந்திருக்கும்.

"எழுதுங்க சார்" என்றார் முனிவெங்கடப்பா. "ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிரலாம். நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்திக்கலாம்."

நாளைக்கு என்ற சொல் பையனுக்குப் புரிந்தது.

"வேணாம் சார். ஒரு வருஷம் போயிரும் சார். நாயினா என்னக் கொன்னே போட்ருவாரு." அங்கே பலர் தகப்பனாரை நாயினா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறாரு சார், எம் பையன் பி.எஸ்சி. முடிச்சிட்டு வர்றான்னு."

அலுமினியத்துக்குப் பிறகு

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் படிப்பையே துணைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"உப்புப் பரிசோதனையில மூணாவது குரூப்புல என்னென்ன வரும்?"

பையன் வாயைத் திறந்தான். "அலுமினியம்."

"அப்புறம்?"

"அலுமினியம்…"

"சரி, அதுக்கப்புறம்?"

"அலுமினியம் சார்" என்றான். அழ ஆரம்பித்தான்.

"பாத்தீங்களா சார், ஒரே பாத்திரத்தப் புடிச்சிக்கிட்டு உட மாட்டேங்கறான்" என்றார் முனிவெங்கடப்பா.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்துக்குப் பிறகு என்ன என்று எனக்கும் வரவில்லை. பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அத்தனை தூக்கம் கெட்டு உள்ளே ஏற்றியதில் ஓர் அலுமினியம்தான் மிஞ்சியிருந்தது.

பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஏட்டின் மூக்கு தப்பாது. என்னுடையது தப்புவதற்குக்கூட இல்லை.

அப்போது பையன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினான்.

கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் கறுத்திருந்தன. சேங்கொட்டைப் பால் பட்டதுபோல் நகக்கண்ணோடு சேர்ந்த கறுப்பு. அதை நான் பார்த்திருக்கிறேன். என் சொந்த விரலிலேயே பார்த்திருக்கிறேன்.

"விரல்ல என்ன?"

"சில்வர் நைட்ரேட் சார்" என்றான். அன்றைக்கு அவன் தட்டுத் தடுமாறாமல் சொன்ன முதல் பதில்.

அந்தக் கறை சோப்புக்குப் போகாது, புளிக்குப் போகாது, செங்கல்லால் தேய்த்தால் தோல்தான் போகும். தானாகத்தான் மறைய வேண்டும். எந்தச் சாராயக் கடையிலும் அது ஒட்டாது. அவன் சட்டையின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். பூச்சி அரித்ததுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள். அமிலம் தெறித்த ஓட்டைகள். என் சட்டை ஒன்றில் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. என் அம்மா கரப்பான் பூச்சியைச் சபித்துக்கொண்டே தைத்தாள்.

"ஏட்டய்யா, இவன் குடிக்கல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எம் மூக்கு பொய் சொல்லுதுங்களா சார்?"

"இல்ல. உங்க மூக்கு சரிதான். வாடை அவன் சட்டையில இருக்குது. வாயில இருக்குதான்னு பாருங்க. சட்டையக் கழட்டித் தூர வெக்கச் சொல்லுங்க."

சட்டை கழன்றது. அதைக் கொண்டுபோய் மூங்கிலின் அந்த நுனியில் மாட்டினோம். முனிவெங்கடப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பையனுக்கு எதிரே நின்றார். இந்த முறை அவரே மோந்து பார்த்தார். அவர் கை மெல்ல மேலே எழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது எங்கே போகும் என்று தெரியாது. எனக்கும் அவருக்கும் தெரியும். காதுப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. பிறகு மீசைக்கு வந்து நின்றது.

"ராகிக்களி வாடைகூட இல்ல சார்" என்றார். "பையன் காலையில இருந்து ஒண்ணியும் தின்னல."

சட்டையை மாட்டிக்கொண்டு பையன் பஸ்ஸில் ஏறினான். பலாப்பழக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். முனிவெங்கடப்பா மூங்கிலைத் தூக்கிக்கொண்டே, "போயி நல்லாத் தூங்குடா" என்றார்.

"தூங்கினா ஃபெயில் சார்" என்றான் அவன். பஸ் புறப்பட்டுவிட்டது.

பாடம் என்பது யாது?

அச்சடித்த தாளுக்கு எண் உண்டு. கிழித்துப் போட முடியாது. பாதி எழுதியதை முழுதாக எழுதித்தான் ஆக வேண்டும். கடைசியில் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. உட்கொண்ட பொருள் என்ன? எவ்வளவு?

எனக்கு வாய் அடங்கினாலும் கை அடங்காது. "பாடம்" என்று எழுதினேன். எவ்வளவு என்ற இடத்தில், "அளவுக்கு மீறி" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாடம் என்பது எவ்வகைச் சாராயம், எங்கே காய்ச்சப்படுகிறது, இப்பகுதியில் எத்தனை நாளாகப் புழக்கத்தில் உள்ளது என்று ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்விகள்தான். பதில் எழுத நான் பட்ட பாடு தனி அத்தியாயம். எழுத்துப் பிழை என்று சொல்லித் தப்பினேன்.

எப்படியோ, முனிவெங்கடப்பா போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம், "எங்க பியெஸ்ஸி சாரு வெரலப் பாத்தே சொல்லிப்புட்டாரு" என்று சொல்லிவைத்தார். இரண்டு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பு ஒரு பையனின் ஒரு வருஷத்தைக் காப்பாற்றியது. கணக்கு அப்படி ஒன்றும் மோசமில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

ஒரு பொய்ச் சாட்சி

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் திம்மராயன் வந்தான். பெங்களூரிலிருந்து வருகிற பஸ்ஸிலிருந்து தானாகவே இறங்கினான். நன்றி சொல்ல வருகிறான் என்று எழுந்து நின்றேன்.

"ஃபெயில் ஆயிட்டேன் சார்."

"எதுல?"

"பிராக்டிகல்ல. ரெகார்டு கொண்டுபோயிக் குடுத்தேன். உப்பு குடுத்தாங்க. அடுப்புல வெச்சு சூடு பண்ணிக்கிட்டே நின்னேனா, அப்பிடியே தூங்கிட்டேன் சார். எழுப்பறப்ப மணி அடிச்சிட்டாங்க."

முனிவெங்கடப்பா மூங்கிலைத் தூக்கிப் பஸ்ஸை அனுப்பிவிட்டு வந்தார்.

"அன்னிக்கு நீங்க என்னப் புடிச்சே போட்டிருக்கலாம் சார்" என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவன்போல் சொன்னான். "போலீசு தப்பாப் புடிச்சிட்டாங்க, பரீட்சைக்குப் போவ முடியலன்னு சொல்லியிருப்பேன். நாயினா உங்களத் திட்டியிருப்பாரு. இப்பப் போயி, எல்லாரும் ஒதவி பண்ணியும் நான் தூங்கிட்டேன்னு எப்பிடி சார் சொல்றது?"

நான் என் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க ஒரு தரம் ஊட்டுக்கு வரணும் சார். வந்து, நீங்கதான் புடிச்சு வெச்சதாச் சொல்லணும்."

"அன்னிக்குப் பொழுதோட நீ ஊட்டுக்குப் போயிட்டியேப்பா. ரெகார்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பினத உங்க நாயினா பாத்திருப்பாரே."

"விடிஞ்சு திரும்பிப் போறப்பப் புடிச்சீங்கன்னு சொல்லுங்க."

முனிவெங்கடப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஏன்டா, இங்கிருந்து அத்திப்பள்ளிப் பக்கம் போறவன எவன்டா மோந்து பாப்பான்? அவன் குடிக்கவே இனிமேதானடா போறான்."

"நாயினா அதெல்லாம் யோசிக்க மாட்டாரு" என்றான் பையன்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லி வைத்த தகப்பனுக்கு எதிரே, ஃபெயில் என்ற ஒரு வார்த்தையோடு தனியாகப் போய் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இண்டர்மீடியட்டில் ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்று ராத்திரி அவனைக் கொட்டகையில் தங்க வைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முனிவெங்கடப்பாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அவன் எனக்குப் பொய்யை ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தான். நல்ல மாணவன்தான்.

அவன் தகப்பனார் மாரப்பா வீட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் கற்றாழை நாரைத் திரித்துக்கொண்டிருந்தார். நெடிய ஆள். திரிப்பதை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தார். பையன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவன் மூச்சு என் சட்டை முதுகில் பட்டது.

நான் ஒப்பித்தேன். சோதனைச் சாவடிக் குமாஸ்தா நான் என்றும், பரீட்சை அன்று காலையில் இவர் மகனைச் சந்தேகத்தின் பேரில் இறக்கி வைத்ததாகவும், விசாரித்து விடுவதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டதாகவும், அதனால் அவன் பரீட்சை எழுத முடியவில்லை என்றும், பிழை முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன்.

மாரப்பா நாரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம் போற பஸ்ஸு?"

"பெங்களூர் போறதுங்க."

"குடிச்சிட்டுப் போறான்னு புடிச்சீங்க?"

"ஆமாங்க."

"காலங்காத்தால. இங்கருந்து அங்க போறவன."

நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஊட்டுல எம் பொண்டாட்டி போட்ட களியத் தின்னுட்டுத்தானய்யா கெளம்பினான். களியில போதையா?" அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பொய் சொல்ல இம்மாந்தூரம் சைக்கிள்ல வந்திருக்கறே. வர்ற வழியில அத ஒரு தரம் யோசிச்சுப் பாக்கலாமில்ல? என்ன படிச்சிருக்கறே?"

"பி.எஸ்சி.ங்க."

"எது, இவன் படிக்கறதேயா?"

"அதேதாங்க. கெமிஸ்ட்ரி."

"பாஸா?"

"பாஸுங்க."

மாரப்பா எழுந்து நின்றார். எனக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. அவர் எட்டி, என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தி, மகனைப் பார்த்தார்.

"ஏன்டா, பாஸானவனே இப்பிடித்தான் இருக்கறான். நீ எதுக்குடா அழுவுறே?"

பையனுக்கு அழுகை நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிப்பதைப் பார்த்து மாரப்பாவுக்கும் வந்தது. மரத்தடியில் இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.